பிச்சாவரம் என்று ஒட்டிய நாற்பத்தேழு ஜாடிகள்

சவரிமேரி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் இரண்டு முறை வாந்தி எடுத்தார். இதை அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார், கடலூர் துறைமுகம் ஸ்டேஷனில் சிதம்பரம் போகிற பாசஞ்சருக்காக நின்றுகொண்டிருந்த ஒரு காலையில். சிதம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த தனியார் கல்லூரியின் விலங்கியல் துறைக்கு ஒரு மியூசியம் உண்டு. பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜன்னல் திறக்காத ஒரு நீள அறை. சுவரை ஒட்டி மர அலமாரிகள். அவற்றில் ஃபார்மலின் ஊற்றிய கண்ணாடி ஜாடிகளில் செத்த உயிர்கள், முந்நூற்றுச் சொச்சம். அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் லேப் அட்டெண்டர் வேலைதான் அவருக்கு. நான் ஆரோக்கிய பிரபு, அதே கல்லூரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இரண்டு பேருக்கும் வீடு கடலூர் முதுநகர், கோயிலும் ஒன்றே. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

மீன் நாற்றத்திலேயே வளர்ந்தவருக்கு வாந்தி வந்தது வேடிக்கைதான். அவர் அம்மா தங்கம்மாள், விசைப்படகு வந்து வலையைக் கொட்டியதும் மீன் பிரிக்கிற வேலை செய்தவர். பிளஸ் டூ முடிக்கிற வரை சவரிமேரியும் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்திருக்கிறார். இறால் ஒரு கூடை, கணவாய் ஒரு கூடை, சங்கரா ஒரு கூடை. எதற்கும் ஆகாத குஞ்சும் குப்பையும் கோழித் தீவனத்துக்குத் தனிக் குவியல்.

"அது பச்ச நாத்தம் பிரபு. தண்ணி ஊத்திக் கழுவுனா போயிடும். இது செத்ததச் சாகவும் விடாம வெச்சிருக்கிற நாத்தம்" என்பார்.

அந்தக் கையால் பிசைந்தால் சோறும் நாறும். கணவர் லூர்துசாமி படகு இன்ஜின் மெக்கானிக், நாள் முழுக்க டீசலில் ஊறுகிறவர். அவரே, "போயி இன்னொரு தரம் கையக் கழுவிக்கினு வா, பொணவறைலேர்ந்து வந்த மாதிரி இருக்குது" என்று சொல்வாராம். பதினாறு வருஷம் சொல்லியிருக்கிறார்.

அந்த அருவருப்பை ஓரளவு மாற்றியது ஒரு புத்தகம். அலமாரிக்கு அடியில் கரையான் தின்றது போகக் கிடந்த, அட்டை இல்லாத ஒரு கையேடு. உயிர்களை அடையாளம் காண்பதற்கானது. பக்கம் பக்கமாக வெறும் கேள்விகள். முதுகெலும்பு உண்டா? இல்லையென்றால் ஒன்பதாம் கேள்விக்குப் போ. கால்கள் கணுக்கணுவாக இருக்கின்றனவா? ஆம் என்றால் பதினான்குக்குப் போ. இப்படி ஒவ்வொரு கேள்வியாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பெயரில் கொண்டுபோய் நிறுத்தும். ஆங்கிலப் புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு படித்தார். தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிப்படியாக எப்படி இறங்குகிறார்கள் என்பதை அப்படித்தான் பிடித்துக்கொண்டார். துறைமுகத்தில் மீனைப் பிரிப்பது விலைக்காக. இங்கே பிரிப்பது எது எதற்குச் சொந்தம் என்று பார்ப்பதற்காக.

ஒரு நாள் ரயிலில் ரொம்ப உற்சாகமாக வந்தார். நண்டு அலமாரியில் தட்டையான, கவிழ்த்த சட்டி மாதிரி ஒன்று இருந்ததாம், பின்னால் ஈட்டி போல வால். குதிரைலாட நண்டு என்று பெயர். அதைத் திருப்பிப் போட்டுக் கேள்விகளை ஓட்டியிருக்கிறார்.

"நண்டுக்கு முன்னால மீசை இருக்கும் பிரபு, நாலு. இதுக்கு ஒண்ணுகூட இல்ல. வாய்க்கு முன்னாடி ரெண்டு சின்னக் கொடுக்கு. நண்டே இல்ல அது. தேளு, சிலந்தி, அதுங்களுக்குத்தான் சொந்தம். யாரோ ஓட்டப் பாத்துட்டு நண்டு கூட வெச்சிருக்காங்க."

அன்றைக்கே அதைத் தூக்கித் தேள் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். துறையில் யாரும் கவனிக்கவில்லை. அங்கே யாரும் எதையும் கவனிப்பதில்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

ஜாடிகளில் ஒட்டியிருந்த பழைய லேபிள்கள் மங்கிக்கொண்டு வந்தன. எந்த உயிர், எந்த ஊரில், எந்த வருஷம் பிடித்தது என்று மையில் எழுதியவை. எழுத்து முழுதாகப் போவதற்குள் ஒரு நூறு பக்க நோட்டில் படிக்க முடிந்ததையெல்லாம் அவர் பிரதி எடுத்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. குதிரைலாட நண்டுக்கு நேராக அந்த நோட்டில் இருந்தது: பாலசோர், ஒடிசா, 1991.

2022இல் கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. துறைத்தலைவர் செந்தமிழ்செல்வன் பல வருஷத்துக்குப் பிறகு மியூசியத்துக்குள் நுழைந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. பாதி ஜாடிகளில் திரவம் வற்றிப்போயிருந்தது. மேலே நின்ற பாகம் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. ஃபார்மலின் வாங்கக் கோப்பு அனுப்பி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தலைவர் ஒரு நிமிஷம் யோசித்தார். குழாயில் தண்ணீர் பிடித்து எல்லாவற்றையும் நிரப்பச் சொன்னார்.

"அழுவிப்போயிடும் சார்" என்றார் சவரிமேரி.

"பதினஞ்சு நாள் தாங்குமில்ல? போதும்."

அடுத்தது லேபிள். பெயரோ ஊரோ போன ஜாடிகள் நாற்பத்தேழு. உள்ளூர்ப் பல்லுயிர்ச் சேகரிப்பு என்று காட்டினால் மதிப்பெண் ஜாஸ்தி என்று யாரோ தலைவருக்குச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தேழுக்கும் பிச்சாவரம் என்றே ஊர் போடச் சொல்லி என்னிடம் பட்டியல் வந்தது. ஜாடிக்கு ஒரு வருஷமும் போட்டிருந்தார்கள். பட்டியலைப் பார்த்துவிட்டு அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். கையெழுத்துக்காக நானும் அறையில் நின்றிருந்தேன்.

"சார், இந்தக் குதிரைலாட நண்டு ஒடிசாலேர்ந்து வந்தது. நோட்டுல இருக்குது."

"உன் நோட்ட யாரு கேட்டா? ஜாடில லேபிள் இருக்குதா?"

"அழிஞ்சி போச்சி சார்."

"அப்ப அது அனாதை. அனாதைக்கு நாமதான் ஊர் வெக்கணும். பிச்சாவரம், 1988. போட்டுரு பிரபு."

"அது அங்க கெடையாது சார்."

"நீ கடலுக்குள்ள எறங்கிப் பாத்தியா மேரி?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று இப்போது எழுத எனக்குக் கூசுகிறது. நாற்பத்தேழையும் பகல் சாப்பாட்டுக்கு முன் அடித்து முடித்துவிட்டேன்.

அதைவிட மோசம் நாடாப்புழு. அந்த ஜாடி எப்போதோ உடைந்துபோயிருந்தது, ஆனால் இருப்புப் பதிவேட்டில் பெயர் இருந்தது. தலைவர் பஸ் ஸ்டாண்டு கறிக்கடையிலிருந்து கோழிக்குடல் வாங்கிவரச் சொன்னார். அதைப் பிளந்து, கழுவி, தட்டையாக நீவி, ஒரு கண்ணாடிப் பட்டையில் சுற்றி, மிச்சமிருந்த கடைசி ஃபார்மலினில் போட வேண்டியவர் சவரிமேரி. போட்டார். அன்று மாலை ரயிலில் ஆலப்பாக்கம் வரை கையை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "நாடாப்புழுவுக்கு ஒடம்பு கட்டம் கட்டமா இருக்கும். படிக்கிற புள்ளக்கிகூடத் தெரியும்" என்றார்.

குழுவில் மூன்று பேர். மியூசியத்தில் இருந்தது நான்கு நிமிஷம். அதில் ஒருவர் கோழிக்குடல் ஜாடியின் முன்னால் நின்று, குனிந்து பார்த்து, நல்ல மாதிரி என்று தலையசைத்தார். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். அக்கா வாங்கிய லட்டை அங்கேயே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இருபதாம் நாள் அறை நாற ஆரம்பித்தது. நீர்த்துப்போன ஃபார்மலினில் ஜாடிகள் கலங்கின. கடல் அட்டை சளியாகக் கரைந்துவிட்டது. மூடியைத் திறந்து அவர் கையை விட்டபோது பிடிப்பதற்கு எதுவும் இல்லை, விரலிடுக்கில் வழிந்தது. அப்படிப் பதினொரு ஜாடிகளைக் கழிவறையில் கொண்டுபோய்க் கொட்டினார். தலைவரிடம் சொன்னதற்கு, "லேபிள் நல்லா இருக்குதில்ல? அது போதும்" என்றாராம்.

அடுத்த வருஷம் நஜியா வந்தாள். எங்கள் கல்லூரியில்தான் இளங்கலை படித்தவள், பரங்கிப்பேட்டைப் பெண். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பிச்சாவரம் கழிமுகத்தில் முன்பு வாழ்ந்து இப்போது இல்லாமல் போன உயிர்கள் எவை என்பது அவளுடைய தலைப்பு. பழைய மியூசியம் ஜாடிகள் அதற்குச் சாட்சி. தேள் அலமாரிக்கு முன்னால் அவள் சட்டென்று நின்றுவிட்டாள்.

"அக்கா, குதிரைலாட நண்டு இங்க இருந்துச்சா? எங்கயுமே பதிவு இல்லியே. நெசமாவே பிச்சாவரத்துல புடிச்சதுதானா?"

தலைவர் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "மேரிக்குத் தெரியாத ஜாடி இங்க கெடையாதும்மா. சொல்லு மேரி."

"ஆமாம்மா" என்றார் சவரிமேரி.

ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு குழாயடியில் போய் வெகுநேரம் வாய் கொப்பளித்ததாகப் பின்னால் சொன்னார்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, ரயிலில் எதிரே இருந்தவர் விரித்த செய்தித்தாளில் அந்தத் தட்டைச் சட்டியின் படம். பிச்சாவரத்தில் வாழ்ந்து அழிந்த அபூர்வ உயிரினம், இறால் பண்ணைகள் காரணமா என்று தலைப்பு. சேகரித்தது 1988இல் என்று போட்டிருந்தது. நான்தான் அந்த எண்ணை அடித்தவன். புதுச்சத்திரம் தாண்டும்போது அக்காவின் போனில் நஜியாவின் செய்தி வந்தது, கட்டுரையின் கடைசிப் பக்கத்தோடு. அக்கா உங்க பேரு போட்டிருக்கேன் பாருங்க என்று எழுதியிருந்தாள். மியூசியத்தைப் பல ஆண்டுகள் பொறுப்போடு காத்துவரும் திருமதி சவரிமேரிக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது.

அவர் முகம் கோணிப்போனது. போனை என் மடியில் போட்டுவிட்டார்.

"பொய்க்கு நன்றி சொல்லியிருக்கா பிரபு."

"விடுக்கா, யாருக்குத் தெரியப்போவுது?"

என்னைத் திரும்பிப் பார்த்தார். கழிவறையில் கொட்டிய ஜாடியைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒரு மீன இன்னொரு மீனுன்னு வித்தா தின்னுட்டுப் போயிடுவான். அதோட முடிஞ்சுது. இது எழுதி வெச்சது. இதப் பாத்து இன்னொருத்தரு எழுதுவாங்க. அதப் பாத்து வேற ஒருத்தரு. யாரு வந்து அழிப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார். கையில் அந்த நூறு பக்க நோட்டு. "பரங்கிப்பேட்டை போறேன். நீயும் வா. நீதான அடிச்ச."

நஜியாவின் அம்மா ஷஹனாஸ் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். மகள் படம் பேப்பரில் வந்ததிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தப் பேப்பரைக் காட்டுகிறாராம். எங்களுக்கும் காட்டினார். நஜியாவின் வாப்பா துபாயில் அதைப் பிரிண்ட் எடுத்து ரூமில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். நஜியா சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். சவரிமேரி டீயைத் தொடாமல் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார்.

நஜியா படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"பாலசோரா?"

"ஆமாம்மா. பழைய லேபிள்ல அப்டித்தான் இருந்துச்சி. அழியறதுக்கு முன்ன நான் எழுதி வெச்சது."

"நான் கேட்டப்ப ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"வேலைக்கு."

நஜியா நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள். "பிச்சாவரத்துக்குப் பக்கத்துல, கிள்ளைல கேட்டப்ப ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. ஒரே ஒரு பெரியவரு மட்டும் பாத்திருக்கேன்னாரு. அவருகிட்ட நான் எப்டி கேட்டேன் தெரியுமா? இது முன்னல்லாம் இங்க இருந்துச்சாமே, நீங்க பாத்திருப்பீங்களேன்னு கேட்டேன். அப்டி கேட்டா யாரு இல்லம்பாங்க? அதையும் கட்டுரைல எழுதியிருக்கேன். சீ."

அந்தச் சீ யாருக்கு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

"மத்த ஜாடியும் இப்டித்தானா?"

"நாப்பத்தேழு" என்றார் சவரிமேரி.

நஜியா எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஷஹனாஸ், என்ன ஆச்சு என்று எங்களைக் கேட்டார். திரும்பி வந்தவள் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டாள். வாசல் வரை வரவில்லை. "போயிட்டு வாங்க" என்றாள், அக்கா என்று சேர்க்காமல்.

மறுநாள் காலை சவரிமேரி மியூசியக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளேடால் லேபிள்களைச் சுரண்ட ஆரம்பித்தார். எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிச் செய்தார். சுரண்டிய இடத்தில் தன் கையெழுத்தில் புதுச் சீட்டு ஒட்டினார். நோட்டில் இருந்த முப்பத்தொன்றுக்கும் நோட்டில் உள்ள ஊர். மீதி இருந்த பதினாறுக்கு, ஊர் தெரியவில்லை. கரைந்து காலியான ஜாடிகளின் சீட்டில், அழுகிவிட்டது, 2022 என்று கூடுதலாக ஒரு வரி. நாடாப்புழு ஜாடியில் அவர் எழுதியது: பிராய்லர் கோழிக்குடல், பஸ் ஸ்டாண்டு கறிக்கடை, சிதம்பரம்.

தலைவர் ஓடி வந்தார். கடைசி ஜாடியைப் படித்ததும் அவர் கழுத்து சிவந்தது.

"யாரக் கேட்டு இதெல்லாம் செய்யற? நீ என்ன டாக்டரேட்டா? மீன் பொறுக்கற வூட்டுலேர்ந்து வந்தவளுக்கு மியூசியத்தப் பத்தி என்ன தெரியும்?"

"மீன் பொறுக்கற எடத்துலகூட இப்டி செய்ய மாட்டோம் சார்" என்றார் சவரிமேரி. குரலை உயர்த்தவில்லை. கையிலிருந்த சீட்டை ஒட்டி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

நான் வராந்தாவில் நின்றிருந்தேன். உள்ளே போய், ஆமாம் சார், நான்தான் பொய்யாக அடித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த அரை மணியில், கல்லூரிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அவரைப் பணியிலிருந்து நீக்கும் கடிதத்தை அடிக்கச் சொல்லி எனக்கு வந்தது. அதையும் எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தேன்.

நஜியா அந்தக் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள். வழிகாட்டிப் பேராசிரியருக்குக் கோபம், ஒரு அத்தியாயத்தை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ஒன்றரை வருஷம் போனது என்று கேள்விப்பட்டேன். செய்தித்தாள் மறுப்பு எதுவும் போடவில்லை. அவர்களுக்கு அது முடிந்த விஷயம். பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்கு வருகிறவர்களிடம் அழிந்துபோன அந்த நண்டைப் பற்றிச் சொல்கிற படகோட்டி ஒருவரை நானே பார்த்தேன். பார்க்காத ஒன்றை அவ்வளவு விவரமாகச் சொன்னார். நண்டு என்றுதான் சொன்னார். செந்தமிழ்செல்வன் இந்த மே மாதம் சால்வைகளோடு ஓய்வு பெற்றார்.

சவரிமேரி மறுபடி துறைமுகத்தில் மீன் பிரிக்கிறார். லூர்துசாமி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. நஜியா அவரிடம் அதற்குப் பிறகு பேசவே இல்லை. அவளுடைய புதிய கட்டுரை வெளிவந்தபோது நான்தான் அதைப் போனில் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படித்தார். அந்த மியூசியத்தின் இடக் குறிப்புகளை நம்ப இயலாது, அவை இந்த ஆய்வில் பயன்படுத்தப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. நன்றிப் பகுதியில் அவர் பெயர் இல்லை.

"சரியா எழுதியிருக்கா" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இறால் கூடையைத் தள்ளிவிட்டபடியே கேட்டார். "திரும்ப லேபிள் அடிச்சியாமே?"

அடித்திருந்தேன். அவர் வேலையிலிருந்து போன மாதமே, பழைய கோப்பைத் திறந்து நாற்பத்தாறு. குதிரைலாட நண்டை மட்டும் ஸ்டோர் ரூமில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். இதை அவரிடம் சொல்லாமல் இரண்டு வருஷம் கடத்தியிருந்தேன்.

"ஆமாக்கா."

அடுத்த படகு வலையைக் கொட்டியது. அக்கா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்தேன், பிறகு வந்துவிட்டேன்.